இரண்டு பக்கத்துக் குற்றி

இன்று காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது போன் 'டிங்' என்றது. பக்கத்து வீட்டு ஜமீலா இத்தாவின், அதாவது ஜமீலா அக்காவின், மருமகள் அனுப்பியிருந்தாள்: "வெள்ளம் வந்து." பதறிவிடாதீர்கள். எங்கள் மட்டாஞ்சேரியில் வெள்ளம் வந்தது என்றால் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். நானும் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுக் குழாயடியில் குடத்தை வைத்தேன்.

குடம் நிறைகிற சத்தத்தைக் கேட்டபடி நின்றபோது என் வலது கை தானாக விரல்களை மடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் போயிற்று. தட்டுவதற்கு. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் கைக்கு இன்னும் விவரம் தெரியவில்லை. தட்டினால் யாருக்குக் கேட்கும்?

பழைய வீட்டில் கேட்கும். எங்கள் சந்தில் அப்போது வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். செங்கல் நிற வெட்டுக்கல், சுண்ணாம்புப் பூச்சு. எங்கள் உத்தரமும் இத்தா வீட்டு உத்தரமும் அந்த ஒரே சுவரில்தான் தலை வைத்துக் கிடந்தன. ஒரு பலகையில் இரண்டு பேர் படுத்திருப்பது போல. மழைக்காலத்தில் அந்தச் சுவரிலிருந்து சுக்கு வாசனை வரும். முன்பு அங்கே யாரோ சரக்கு அடுக்கி வைத்திருந்த பாண்டிகசாலையாம். பண்டம் வைக்கும் கிடங்கை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். நான் அப்போது சுக்கு பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால், வாசனை சுவரில் வருகிறதா என் சேலையில் வருகிறதா என்று எனக்கே சந்தேகம் உண்டு.

அந்தச் சுவரில் ஒரு குற்றி இருந்தது. மர முளையைத்தான் சொல்கிறேன். மலையாளத்தில் குற்றி. நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். சாமான் தொங்கவிட யாரோ ஒரு காலத்தில் நீளமான பலாக்கட்டையை அடித்திருக்கிறார்கள். அது சுவரைத் துளைத்து அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டது. எங்கள் பக்க முனையில் என் கடைப் பை தொங்கும். அவர்கள் பக்க முனையில் இத்தாவின் கணவர் விட்டுப்போன குடை. நாள்பட்டுக் கட்டை கொஞ்சம் தளர்ந்திருந்தது. இத்தா குடையை எடுத்தால் என் பை லேசாக ஆடும். ஓ, இத்தா வெளியே கிளம்புகிறாள் என்று தெரிந்துகொள்வேன். நான் பையை எடுத்தால் அவளுக்கும் அப்படியே. ஒருநாள் நான் பூசணிக்காயோடு பையை மாட்டியபோது அந்தப் பக்கமிருந்து, "மெல்ல, மோளே! என்றெ குடைக்கு ஜீவன் வந்துடுச்சு!" என்று சத்தம் வந்தது. எங்களோடு அவள் பேசும் தமிழில் பாதி மலையாளம். எங்கள் தமிழும் அந்த லட்சணம்தான்.

தண்ணீர் விடிவதற்குள் கொஞ்ச நேரம் வரும், போய்விடும். யார் வீட்டில் முதலில் குழாய் சீறுகிறதோ அவர்கள் சுவரில் இரண்டு தட்டு தட்டவேண்டும். மற்றவர் பதிலுக்கு ஒரு தட்டு. இது நாங்கள் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டது இல்லை. எப்படியோ வந்துவிட்டது. ஒரு விடியற்காலையில் நான் தட்டினேன், பதில் இல்லை. மறுபடி தட்டினேன். ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தால், குளிமுறியில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தாள் இத்தா. மகன் வளைகுடாவில். வீட்டில் வேறு யாருமில்லை. அதன்பிறகு எங்கள் தட்டலுக்குத் தண்ணீரைத் தவிர இன்னொரு அர்த்தமும் சேர்ந்துகொண்டது. ஆனால் அதை இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்படியே இருந்திருக்கலாம். ஒரு மழையில் எங்கள் அடுப்படிக் கூரையும் பின்சுவரும் விழுந்துவிட்டன. நல்லவேளையாக நான் வேலைக்குப் போயிருந்தேன், இவர் வெலிங்டன் தீவில் ஒரு கிட்டங்கியில் காவலுக்கு இருந்தார். தார்ப்பாயைக் கட்டி அதன் கீழே சமைத்தேன். சோற்றில் காக்கை நேரே வந்து இறங்கும். அப்போதுதான் இவர் சொன்னார்: "இனி ஒட்டுப்போட்டு ஆகாது. முழுசாப் பொளிச்சுட்டுப் புதுசா வெச்சுடலாம்." பொளிப்பது என்றால் எங்கள் பேச்சில் இடிப்பது.

எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் அதுவரை யாரும் வீடு கட்டியதில்லை. இருந்த வீட்டில் இருப்போம், அவ்வளவுதான். அதனால் எது முதலில், எது பிறகு என்று எங்களுக்குத் தெரியவில்லை. சுவரே இல்லாத வீட்டுக்கு இடப்பள்ளியில் போய் டைல்ஸ் பார்த்துவிட்டு வந்தோம். இவர் எங்கிருந்தோ ஒரு பித்தளைக் குழாய் கொண்டுவந்து, துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? விழுந்த அடுப்படியின் வெறும் மண்ணில் கோலப்பொடியால் புது அடுப்படியை வரைந்தேன். இங்கே அடுப்பு, இங்கே தொட்டி, இங்கே மாடிப்படி. கோட்டுக்குள் நின்று, கையில் தோசைக்கரண்டி இருப்பதாக எண்ணிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சந்தில் போகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று பிறகுதான் தோன்றியது. முகம் சுட்டுவிட்டது.

ஒன்றேகால் சென்ட் இடம். பொதுச்சுவரைப் பொளித்துவிட்டு அதே இடத்தில் புதுச்சுவர் எழுப்பினால், என் கோலப்பொடிக் கோடு சரியாக வரும். அதற்கு இத்தா சம்மதிக்கவேண்டும். இல்லையென்றால் எங்கள் சுவரை ஒரு சாண் தள்ளி, எங்கள் மண்ணுக்குள்ளேயே கட்டவேண்டும். சுவரின் கனமும் சாணும் போனால் மாடிப்படி வெளியே போய்விடும், அடுப்படியில் ஒருவர்தான் நிற்க முடியும். ஒரு சாண்தானே என்று தோன்றும். கோட்டுக்குள் நின்று பார்த்தவளுக்குத் தெரியும் அது எவ்வளவு என்று.

"நீ போய் இத்தாகிட்டச் சொல்லு. பெண்ணுங்க பெண்ணுங்க பேசிக்கிட்டாத்தான் சரி" என்றார் இவர். அவருக்கும் பயம். அதற்கு அப்படி ஒரு பெயர்.

பக்கத்துச் சந்தில் இதேபோல் ஒரு சுவரை ஒருவர் பொளிக்க, மற்றவருடைய ஓடு சரிந்து, இரண்டு வீடும் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருந்தது. அதைப் பற்றி இத்தா சொன்னது எனக்கு மனப்பாடம்: "சுவர் பொளிச்சவன் மனுஷனே அல்ல." அந்த வாக்கியத்தைச் சொன்னவளிடம் போய் நான் எப்படித் தொடங்குவது? சர்க்கரை கேட்டுப் போனேன், சர்க்கரையோடு திரும்பினேன். முருங்கைக்கீரை கொடுக்கப் போனேன், அவள் மகனுக்குப் பெண் பார்க்கும் கதையைக் கேட்டுவிட்டு வந்தேன். வாசல்வரை வார்த்தை சரியாக இருக்கும். "எந்தா மோளே?" என்று அவள் கேட்டதும் வேறு ஏதாவது பேச்சை எடுத்துவிடுவேன். வீட்டுக்கு வந்தால் இவர், "சொன்னியா?" "நாளைக்கு." ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் ஏதோ திருடப்போகிறவள் மாதிரி மூச்சை அடக்கிக்கொள்வேன்.

இதற்கிடையில் ஆசாரியைப் பார்த்து நாளும் குறித்தாகிவிட்டது. மேடம், அதாவது நம் சித்திரை. மழைக்கு முன் அஸ்திவாரம் போட்டுவிடவேண்டும். வீடு தொடங்கும்போது இங்கே முதலில் செய்வது குற்றியடி. ஆசாரி வந்து கன்னிமூலையில், தென்மேற்கு மூலையில், ஒரு குற்றியை அடிப்பார். அதுதான் வீட்டின் முதல் புள்ளி. அடித்தபின் மாற்றக்கூடாது. எங்கள் கன்னிமூலை எங்கே விழுந்தது என்கிறீர்கள்? பொதுச்சுவரின் அடியிலேதான்.

கட்டும் வேலையைச் சுடலைமுத்து மேஸ்திரியிடம் கொடுத்திருந்தோம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். கொச்சிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. தமிழ் பேசுகிற ஆள் என்றதும் இவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். மலையாளத்தில் பேசிக் குழம்பவேண்டாமே! முதல்நாள் சாயங்காலம் இடத்தைப் பார்க்க வந்தவரிடம் நான்தான் சொன்னேன். அந்நிய ஆண்களிடம் பேசுவதென்றால் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நாலு வார்த்தையில் முடித்துவிடுவேன்.

"நாளைக்கு விடிஞ்சதும் குற்றியடியாக்கும். நீங்களும் வந்துடணும்."

எழுதும்போது குற்றி. வாயில் வரும்போது ஏறக்குறைய குட்டிதான்.

"நல்ல காரியம்லாக்கா! கொண்டாறது நான் கொண்டாரட்டுமா?"

ஆசாரியே கொண்டுவருவார் என்றாலும் ஒன்று கூடுதலாக இருக்கட்டுமே என்று, "கொண்டுவாங்க" என்றேன்.

"கருப்புதான வேணும்?"

கட்டையின் நிறத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "எதுன்னாலும் போதும். பாலு உள்ளதா இருக்கணும்னு ஆசாரி சொல்லியிருக்கார்." பால் வடிகிற மரத்தில்தான் குற்றி செதுக்குவார்கள். பலா, பாலை, அப்படி.

மேஸ்திரி கொஞ்சம் தயங்கினார். "பால்குட்டியாக்கா? பாவம்லா."

மரத்துக்குக்கூட இரங்குகிறாரே, எவ்வளவு நல்ல மனசு என்று எண்ணிக்கொண்டேன். "வழக்கம் அப்படியாக்கும்" என்று உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை. ஆசாரி குளித்துச் சந்தனம் இட்டு வந்திருந்தார். தார்ப்பாயை அவிழ்த்து, மண்ணைத் தெளித்து, விளக்கு ஏற்றினோம். தேங்காய், பூ, செதுக்கின குற்றி, நூல். இவர் வேட்டியை மடித்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். இத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. அன்று விடியற்காலையில் கூட அவள் இரண்டு தட்டு தட்டினாள். நான் ஒரு தட்டு தட்டினேன். சுவரின் அடியில் ஆசாரி பூவை வைத்தபோது, அந்தப் பக்கம் அவள் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. நாங்கள் எல்லாரும் கிசுகிசுவென்று பேசினோம். சொந்த வீட்டுக்கு நல்ல காரியம் செய்கிறவர்கள் அப்படிப் பேசி நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

"சமயம் ஆயி. குற்றி எவிடெ? சுவரோட சேர்ந்தா, தள்ளியா?" என்று கேட்டார் ஆசாரி.

இவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன்.

அப்போதுதான் சந்துப்பக்கமாக மேஸ்திரி வந்தார். தோளில் துண்டு, கக்கத்தில் தாளில் சுற்றிய ஏதோ நீளமான ஒன்று, கையில் கயிறு. கயிற்றின் முனையில் கருகருவென்று ஓர் ஆட்டுக்குட்டி.

"யக்கா, கொஞ்சம் பிந்திட்டு. தாயிட்டயிருந்து பிரிக்கதுக்குள்ள போதும் போதும்னு ஆயிட்டு."

ஆசாரி எழுந்து நின்றுவிட்டார். "இது எந்தா?"

"குட்டி. இன்னைக்கு அடிக்கணும்னு அக்கா சொல்லிச்சு."

எங்கள் வீட்டில் முட்டைகூட ஏறாது. இவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் அத்தனை காலமும் ரகசியமாக என்னவெல்லாம் தின்றேனோ என்ற சந்தேகம் இருந்தது.

"நான்... குற்றி..." என்றேன்.

"அதான் நானும் சொல்லுதேன், குட்டி! பாலு உள்ளதா வேணும்னு சொன்னது நீங்கதானக்கா?"

அவர் கையை ஆட்டிப் பேசியதில் கயிறு நழுவியது. குட்டி விளக்கைத் தாண்டி, இடிந்த பின்பக்கம் வழியாகத் துள்ளி இத்தாவின் கொல்லைக்குள் போய்விட்டது. தேங்காய் துருவும் சத்தம் நின்றது. ஒரு பாத்திரம் உருண்டது.

இத்தா குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையை வைத்திருப்பது போல. "ஆருடெ குட்டியாடீ இது? என்றெ கறிவேப்பிலை எல்லாம்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். விளக்கைப் பார்த்தாள். நூலைப் பார்த்தாள். சுவரின் அடியில் இருந்த பூவைப் பார்த்தாள்.

"குற்றியடியோ?"

"ஆமா இத்தா" என்றார் இவர், தேங்காய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர் போல.

"ஆசாரி அறிஞ்சு. ஆடு அறிஞ்சு. எனக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்ல."

மேஸ்திரி கக்கத்துப் பொட்டலத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"சுவர் பொளிக்குமோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

எத்தனை நாளாக நெட்டுருப் போட்டு வைத்திருந்ததோ, அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. "உங்க உத்தரம் விழாது இத்தா. மேஸ்திரி முட்டு கொடுத்து நிறுத்துவார். உங்க பக்கம் நாங்களே பூசித் தருவோம். ஒரு ஓடுகூட..."

"உத்தரத்தைக் குறிச்சு ஆரு கேட்டா?" குரல் உயர்ந்துவிட்டது. குட்டி திமிறியது. அதை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "சுவர் போனா காலைல நான் ஆரெ தட்டி விளிக்கும்? அன்னைக்கு நான் குளிமுறில வழுக்கி வீணு கெடந்தப்போ உத்தரமா வந்தது?"

நான் எதிர்பார்த்த சண்டை இது இல்லை. புதுச்சுவர் எழுப்பினாலும் தட்டலாமே என்று சொல்லியிருக்கலாம். அப்போது அது யாருக்கும் தோன்றவில்லை. எல்லாருக்கும் சுவர் என்றால் அந்தச் சுவர்தான்.

"வீடு வெக்கண்டான்னு நான் பறயல" என்று இத்தா குரலைத் தாழ்த்தினாள். "வெச்சோ. நல்லா வெச்சோ. அந்தச் சுவரைத் தொடண்டா."

"சமயம் போகுது" என்றார் ஆசாரி.

இவர் வாயைத் திறந்தார். அதற்குள் நான் மண்ணைக் காட்டி, "ஒரு சாண் தள்ளி" என்றேன். நான் சொன்னதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஆசாரி என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், விரலை விரித்துச் சுவரிலிருந்து ஒரு சாண் அளந்து குற்றியை ஊன்றினார். என் கோலப்பொடிக் கோட்டுக்கு உள்ளே. முதல் அடி விழுந்தபோது மாடிப்படி வெளியே போயிற்று. இரண்டாவது அடிக்கு அடுப்படி பாதியாயிற்று. பயந்து சொன்னாய் என்று இவர் இன்றைக்கும் சொல்வார். இருக்கலாம்.

"அப்போ இந்தக் குட்டி?" என்றார் மேஸ்திரி. "திரும்பக் கொண்டுபோனா எடுக்கமாட்டானே."

"இது இவிடெ நிக்கட்டே" என்று இத்தா அதை வைத்துக்கொண்டாள். பெயரும் அவளே வைத்தாள்: குற்றி. மட்டாஞ்சேரித் தெருக்களில் ஆடுகள் அவை பாட்டுக்குத் திரியும், நீங்கள் வந்தால் பார்க்கலாம். அவற்றில் ஒன்றாக இருந்தது எங்கள் குற்றி. சுவரொட்டி தின்று வளர்ந்தது. சாயங்காலம் இத்தா வாசலில் நின்று "குற்றீ..." என்று கூப்பிடுவாள். பெருநாளுக்குக்கூட அதைத் தொட அவள் விடவில்லை. கிழடாகித்தான் செத்தது.

பழைய வீட்டைப் பொளித்தபோது பொதுச்சுவரை மட்டும் அப்படியே நிறுத்தினோம். புதுச்சுவர் எழும்ப எழும்ப, நடுவில் ஒரு சாண் இடுக்கு இருட்டாகிக்கொண்டே போனது. பழைய சுவரிலிருந்து எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பலாக்குற்றியைக் காட்டி, "இத அறுத்து எடுத்துரட்டாக்கா?" என்று கேட்டார் மேஸ்திரி. கேட்டபின், "இது மரக்குத்திதான?" என்று சிரித்தார்.

"இருக்கட்டும்" என்றேன்.

பால் காய்ச்சிக் குடிவந்த மறுநாள் விடியற்காலையில் குழாய் சீறியது. நான் ஆசையோடு சுவரில் இரண்டு தட்டு தட்டினேன். காத்திருந்தேன். இன்னும் பலமாகத் தட்டினேன். பிறகு ஓடினேன். இத்தா தன் அடுப்படியில், சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் தட்டியிருக்கிறாள். இரண்டு சுவருக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு சாண் காற்று எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. தட்டவேண்டும் என்பதற்காகத்தான் அவள் சுவரைத் தொடவிடவில்லை. அதற்காகத்தான் நானும் தள்ளிப் போனேன். பொளித்து ஒரே சுவராகக் கட்டியிருந்தால் கேட்டிருக்கும். "போட்டே மோளே" என்றாள் இத்தா. போகட்டும் என்கிறாள்.

கொஞ்ச நாள் வாசலில் நின்று கூவிப் பார்த்தோம். பிறகு அவள் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள், போன் வந்தது. இப்போது தண்ணீர் வந்தால் டிங். இத்தாவுக்குக் காதும் மந்தமாகிவிட்டது.

வெளிப் படியேறி மாடியில் துணி உலர்த்தப் போகும்போது நான் எப்போதாவது இடுக்கில் எட்டிப் பார்ப்பேன். மத்தியானத்திலும் அங்கே இருட்டுத்தான். போன் வெளிச்சத்தை அடித்தால், கீழே நூலாம்படைக்கு நடுவில் எங்கள் பக்கத்து முனை தெரியும். இனி எந்தக் கைக்கும் எட்டாது. அதில் மாட்ட எங்களுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்க முனையில் இத்தா இன்னும் குடையை மாட்டுகிறாள்.

இன்றும் துணியோடு போனவள் கொஞ்ச நேரம் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு நின்றேன். குற்றி லேசாக அசைந்தது. இத்தா எங்கோ வெளியே கிளம்புகிறாள்.